உப்பில் எரியாமல் சர்க்கரையில் எரியும் விளக்கு: மின்கடத்தல் மாடலைச் சரிசெய்வது

அறிவியல் கண்காட்சி வந்துவிட்டால் சென்னையில் எந்தப் பள்ளிக்குப் போனாலும் ஒரு மேசையிலாவது இந்த மாடல் இருக்கும். ஒரு டம்ளரில் உப்புத் தண்ணீர், இன்னொன்றில் சர்க்கரைத் தண்ணீர், ஒரு பேட்டரி, ஒரு எல்.இ.டி. விளக்கு. உப்பில் எரிய வேண்டும், சர்க்கரையில் எரியக்கூடாது. வீட்டில் நன்றாக வேலை செய்யும். நடுவர் வந்து நிற்கும்போது மக்கர் பண்ணும்.

பள்ளி ஆய்வகத்தில் என் மேசைக்கு வரும் பழுதான மாடல்களில் இதுதான் அதிகம். பார்த்தவரை, உப்பும் சர்க்கரையும் ஒழுங்காகத்தான் நடந்துகொள்கின்றன. தகராறு செய்வது கம்பி, பேட்டரி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர். அதனால் கரைசலைச் சந்தேகப்படுவது கடைசியில் இருக்கட்டும்.

நடுவர் கேட்டால் சொல்ல ஒரு வரி போதும்: உப்பு கரையும்போது மின்னூட்டம் உள்ள அயனிகளாகப் பிரிகிறது, அவைதான் மின்சாரத்தைச் சுமக்கின்றன; சர்க்கரை கரைந்தாலும் மூலக்கூறு முழுசாகவே இருக்கிறது, அதற்கு மின்னூட்டம் கிடையாது. மற்ற விளக்கத்தைப் பாடப்புத்தகம் பார்த்துக்கொள்ளும். இங்கே பழுது மட்டும்.

எதைத் தொடுவதற்கும் முன்னால்

விளக்கோடு தொடரில், மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். 9 வோல்ட் சதுர பேட்டரிக்கு 470 ஓம் சரியாக இருக்கும். ரெசிஸ்டர் இல்லாமல், கரைசலில் முக்கும் இரண்டு மின்முனைகளும் ஒன்றையொன்று தொட்டால் எல்.இ.டி. அந்த நொடியே போய்விடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பொருள் இது.

ரெசிஸ்டர் இருக்கிறதென்றால் மூன்று சோதனை, இதே வரிசையில்: மின்முனைகளை ஒன்றோடொன்று தொடவிடுங்கள். அடுத்து, எதுவும் கலக்காத வெறும் தண்ணீரில் வையுங்கள். அப்புறம் ஒரு டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு போட்டு அதில் வையுங்கள். மூன்றிலும் என்ன நடந்தது என்று எழுதி வைத்துக்கொண்டு கீழே உங்கள் அறிகுறிக்குப் போங்கள்.

அறிகுறி 1: எதில் வைத்தாலும் எரியவில்லை

*மின்முனைகள் தொட்டாலும் எரியவில்லை என்றால்* கரைசலுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதலில் எல்.இ.டி.யைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நீளக் கால் பேட்டரியின் நேர்முனைப் பக்கம் இருக்க வேண்டும்; கால்களை வெட்டிவிட்டிருந்தால், விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் எதிர்முனை. பாதி மாடல்கள் இங்கேயே சரியாகிவிடும்.

அடுத்து கம்பி. பழைய மின்விசிறி மோட்டாரிலிருந்து உருவிய வைண்டிங் கம்பி என்றால், பார்க்கச் செம்பு போலப் பளபளத்தாலும் மேலே எனாமல் பூச்சு இருக்கும், அது மின்சாரத்தை விடாது. முனைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள். "இது செம்புதானே சார்?" என்பார்கள். தேய்த்து எரியவைத்துக் காட்டினால்தான் உண்டு.

கடைசியாக பேட்டரி. மல்டிமீட்டரில் 7 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள். மீட்டர் இல்லாவிட்டால் புதுசு ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி.

*தொட்டால் எரிகிறது, உப்புத் தண்ணீரில் எரியவில்லை என்றால்* மூன்று காரணங்கள்.

டார்ச் பல்பு போட்டிருக்கலாம். இழை பல்பு ஒளிர 200, 300 மில்லிஆம்பியர் வேண்டும். அவ்வளவு மின்னோட்டத்தை ஒரு டம்ளர் உப்புத் தண்ணீரில் சிறிய மின்முனைகளை வைத்துக்கொண்டு எடுப்பது கஷ்டம். எல்.இ.டி.க்கு ஒரு மில்லிஆம்பியர் போதும், கண்ணுக்குத் தெரியும். பல்பை எடுத்துவிட்டு சிவப்பு எல்.இ.டி. போடுங்கள்.

வோல்டேஜ் போதாமல் இருக்கலாம். இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. சிவப்பு எல்.இ.டி. தனக்கென்று 1.8 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். கார்பன் மின்முனைகள் என்றால், உப்புத் தண்ணீரில் வாயு குமிழிட்டு மின்சாரம் ஓடத் தொடங்கவே இன்னொரு 2 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். இரண்டு பென்டார்ச் செல் சேர்த்தால் வருவது 3 வோல்ட். எரியாது, எவ்வளவு உப்பைக் கொட்டினாலும் எரியாது. வெள்ளை, நீல எல்.இ.டி. என்றால் அதற்கே 3 வோல்ட் போய்விடும். நான்கு செல்கள், இல்லையென்றால் சதுர பேட்டரி ஒன்று போடுங்கள்.

மின்முனையில் பூச்சு இருக்கலாம். பென்சிலைச் சீவி வைத்திருந்தால், கிளிப் பிடிக்கும் முனையிலும் கரி வெளியே தெரிய வேண்டும். கிளிப் மரத்தைக் கடித்துக்கொண்டிருந்தால் பயனில்லை. துருப்பிடித்த ஆணியைத் தேய்த்துவிட்டு வையுங்கள்.

அறிகுறி 2: சர்க்கரைத் தண்ணீரிலும் எரிகிறது

"சார், சர்க்கரையும் எரியுது சார்." இந்த ஒரு புகாருக்காகத்தான் இந்தக் குறிப்பையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் சோதனை: சர்க்கரை போடாத அதே தண்ணீரில் எரிகிறதா? எரிகிறதென்றால் சர்க்கரை நிரபராதி. நேராக அறிகுறி 3-க்குப் போங்கள். சென்னையில் பெரும்பாலும் இதுதான் நடக்கும்.

வெறும் தண்ணீரில் எரியவில்லை, சர்க்கரை போட்டதும் எரிகிறது என்றால், முதலில் கரண்டி. உப்பு எடுத்த கரண்டியாலேயே சர்க்கரையையும் கலக்கியிருப்பார்கள். மின்முனைகளும் அப்படித்தான், உப்பிலிருந்து எடுத்து நேராகச் சர்க்கரையில் முக்கினால் அதில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டே போதும். நடுவரிடம் காட்டும்போது சர்க்கரையை முதலில் காட்டிவிட்டு உப்பைக் கடைசியில் வைப்பது நல்லது. திரும்பக் காட்டவேண்டி வந்தால், இடையில் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் பிரச்சினையைத் திரும்பக் கொண்டுவந்த மாதிரி ஆகும்.

அப்புறம், என்ன சர்க்கரை? உடம்புக்கு நல்லது என்று இப்போது பல வீடுகளில் நாட்டுச் சர்க்கரைதான் இருக்கிறது. வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பொட்டாசியம் மாதிரியான தாதுக்கள் கலந்திருக்கும், அவை அயனிகளாகவே கரையும். எரியத்தான் செய்யும். தேன், இளநீர், பழச்சாறு எல்லாம் இதே கதை. கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடியில் சில வகைகளில் தாது சேர்த்திருப்பார்கள், டப்பாவின் பின்பக்கம் படித்துப் பாருங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தைக் குளுக்கோஸ் என்று நினைத்துக் கொண்டுவந்துவிடுவார்கள். அதில் சோடியம் குளோரைடும் பொட்டாசியம் குளோரைடும் சேர்ந்தே இருக்கிறது, நன்றாகவே எரியும். சாதாரண வெள்ளைச் சர்க்கரையை டிஸ்டில்டு வாட்டரில் போட்டால் போதும்.

இவ்வளவுக்கும் பிறகும் மங்கலாக எரிந்தால், மின்முனைகளைத் தாங்கும் அட்டையைப் பாருங்கள். ஈரமான அட்டை வழியாகவே மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். டம்ளருக்கு வெளியே தூக்கிப் பிடித்தும் எரிந்தால் அதுதான் காரணம். அட்டைக்குப் பதில் பிளாஸ்டிக் மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத் தரச் சுக்ரோஸ் வாங்குவது கடைசி வழி. பாரிமுனைப் பக்கம் ஆய்வகப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும், ஆனால் கண்காட்சிக்கு அது தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை.

போகிற போக்கில் ஒன்று: இந்தப் பழுதையே மாடலாக்கிவிடலாம். விளக்கு எரிகிற குழாய்த் தண்ணீரில் நான்கைந்து கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கரைத்தால் வெளிச்சம் கூடாது, சற்றுக் குறையும். பாகு கெட்டியாக ஆக, அயனிகள் நகர்வது மெதுவாகிறது. தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று எண்ணாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் கையில் இருந்தால் எண் இறங்குவதையே காட்டலாம். கரைந்த பொருள் கூடியிருக்கிறது, கரைந்ததை அளப்பதாகச் சொல்லும் மீட்டரின் எண் இறங்குகிறது. நடுவர் அதற்குமேல் கேள்வி கேட்கமாட்டார்.

அறிகுறி 3: வெறும் தண்ணீரிலேயே எரிகிறது

எந்தத் தண்ணீர் என்பதைப் பொறுத்துப் பிரியுங்கள்.

*போர் தண்ணீர், மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர்:* எரிவதுதான் இயல்பு. கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு எல்லாம் அயனிகளாக ஏற்கெனவே கரைந்திருக்கின்றன. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரிக் கடலோரத்து போர் தண்ணீரில் உப்புப் போட்டது போலவே பளிச்சென்று எரியலாம். பழுது எதுவும் இல்லை, தண்ணீரை மாற்றுங்கள்.

*கேன் தண்ணீர், வீட்டு ஆர்.ஓ. தண்ணீர்:* மங்கலாக எரியும். ஆர்.ஓ. சவ்வு உப்பைக் குறைக்கிறது, மொத்தமாக எடுத்துவிடுவதில்லை. சுவைக்காகக் கொஞ்சம் தாதுவைத் திரும்பச் சேர்ப்பதும் உண்டு. உப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட இது ஓரளவு தாங்கும். சுத்தமாக அணைந்திருக்க வேண்டுமென்றால் தாங்காது.

*கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர்:* அம்மாக்கள் கொடுத்து அனுப்புவது. கிருமி சாகும், உப்பு போகாது. வெண்படலமாகப் பாத்திரத்தில் படியும் கொஞ்சம் சுண்ணாம்பு மட்டும் குறையும்.

*ஏ.சி. சொட்டும் தண்ணீர்:* காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது என்பதால் உப்பு குறைவு. ஆனால் காயிலில் இருக்கும் தூசியையும் உலோகத்தையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு வரும். அவசரத்துக்கு ஆகும்.

*டிஸ்டில்டு வாட்டர்:* இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்ற பேட்டரிக் கடையில் கேனில் விற்பார்கள். இதில் எரியக்கூடாது. எரிந்தால் டம்ளரை நன்றாக அலசிவிட்டுத் திரும்பப் பாருங்கள். குழாயில் கழுவிக் காயவைத்த டம்ளரின் உள்சுவரில் உப்பு காய்ந்து ஒட்டியிருக்கும். அப்படியும் எரிந்தால் கேன் போலி. ஆர்.ஓ. தண்ணீரை அடைத்து விற்பதும் நடக்கிறது. கடையை மாற்றுங்கள். உங்கள் இன்வெர்ட்டருக்கும் அது நல்லதில்லை.

மிகத் தூய தண்ணீர்கூட மின்சாரத்தை அறவே கடத்தாது என்று சொல்ல முடியாது. 25 டிகிரியில் அதன் கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 0.055 மைக்ரோசீமன்ஸ். மூடியைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்து ஒன்றை நெருங்கிவிடும். கடல்நீருக்கு 50,000. உங்கள் எல்.இ.டி.க்கு முதல் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

அறிகுறி 4: வினிகரிலும் எலுமிச்சையிலும் மங்கலாகத்தான் எரிகிறது

இது பழுது இல்லை. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அயனியாகப் பிரிவதில்லை. மற்றதெல்லாம் சர்க்கரை மாதிரி முழு மூலக்கூறாகவே மிதக்கிறது. மாடலில் மூன்றாவது டம்ளராக இதை வைத்துவிடுங்கள், ‘நன்றாக, மங்கலாக, அறவே இல்லை’ என்று அழகாக அமையும். மங்கலும் தெரியவில்லை என்றால் மின்முனைகளைக் கொஞ்சம் நெருக்கி வையுங்கள், ஆழமாக முக்குங்கள்.

இன்னும் பளிச்சென்று எரியட்டும் என்று கழிவறை கழுவும் ஆசிட்டையோ இன்வெர்ட்டர் பேட்டரி ஆசிட்டையோ யாரும் கொண்டுவர வேண்டாம். ஆய்வக ஆசிரியர் இல்லாமல் தொடக்கூடாத பொருள்கள் அவை.

அறிகுறி 5: முதலில் நன்றாக எரிந்தது, கொஞ்ச நேரத்தில் மங்கிவிட்டது

மின்முனைகளை ஆட்டிப் பாருங்கள். வெளிச்சம் திரும்பினால், ஒட்டிக்கொண்டிருந்த குமிழிகள்தான் காரணம். ஆட்டியும் திரும்பவில்லை என்றால் துடைத்துப் பாருங்கள், படலம் படிந்திருக்கும். அதற்கும் மசியாவிட்டால் பேட்டரி. சதுர பேட்டரிக்கு ஆயுள் குறைவு, காலையிலிருந்து மதியம் வரை டம்ளரிலேயே ஊறவைத்தால் தாங்காது. நடுவில் ஒரு அழுத்து சுவிட்சை வைத்துவிடுங்கள், ஆள் வரும்போது அழுத்தினால் போதும்.

அறிகுறி 6: தண்ணீர் நிறம் மாறுகிறது, வாடை வருகிறது

பச்சை, நீலம் அல்லது மஞ்சள் கலந்த கலங்கல் என்றால் செம்புக் கம்பி கரைகிறது. பச்சையாகத் தொடங்கித் துருநிறத்துக்குப் போனால் இரும்பு ஆணி. உப்புக்கு அந்த நிறம் கிடையாது. கார்பன் மின்முனைக்கு மாறுங்கள். பழைய டார்ச் செல்லை உடைத்து எடுப்பதைவிடப் பென்சில் நல்லது. எவர்சில்வர் கரண்டியை மின்முனையாக வைத்து உப்புத் தண்ணீரில் வெகுநேரம் ஓட்டாதீர்கள், அதிலிருக்கும் குரோமியம் நச்சுத்தன்மை உள்ள வடிவத்தில் கரையக்கூடும். நிறம் மாறிய தண்ணீரைச் செடிக்கு ஊற்ற வேண்டாம்.

பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தால் அது குளோரின். கார்பனும் உப்பும் சேர்ந்தால் வரும். திறந்த இடத்தில் கொஞ்சமாக வருவதால் ஒன்றும் ஆகாது. மூடிய வகுப்பறையில், பக்கத்துப் பிள்ளைகள் இரும ஆரம்பித்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறங்கள். உப்புக்குப் பதில் ஆப்ப சோடாவைக் கரைத்தால் வாடையே வராது, விளக்கு நன்றாக எரியும்.

*இதே அறிகுறி வீட்டு வாசலில் வந்தால்:* தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி விற்க வருபவர் இரண்டு டம்ளரில் ஒரு கருவியின் கம்பிகளை விடுவார். உங்கள் குழாய்த் தண்ணீர் சேறுபோல் பழுப்பாகும், அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக இருக்கும். "பாருங்கம்மா, இதைத்தான் இவ்வளவு நாளா குடிச்சிருக்கீங்க" என்பார். அந்தப் பழுப்பு உங்கள் தண்ணீரில் இருந்ததே இல்லை. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து வந்தது. குழாய்த் தண்ணீரில் அயனிகள் இருப்பதால் மின்சாரம் ஓடிக் கம்பி கரைகிறது, ஆர்.ஓ. தண்ணீரில் அயனிகள் குறைவு, மின்சாரம் ஓடவில்லை, கம்பியும் கரையவில்லை. சரிபார்க்கச் சுலபமான வழி, அவருடைய ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுத் திரும்ப விடச் சொல்வது. அதுவும் பழுப்பாகும். பெரும்பாலும் அதற்கு முன்பே கருவி பைக்குள் போய்விடும். இந்தக் கருவிகளில் பல வீட்டு பிளக்கில் செருகுபவை, ஓடும்போது டம்ளரைத் தொடாதீர்கள்.

அறிகுறி 7: உப்பு வைத்தும் எரியவில்லை, சாக்பீஸ் போட்டும் எரியவில்லை

உலர்ந்த உப்பில் எரியாது. அயனிகள் படிகத்தில் பூட்டிக்கிடக்கின்றன. மழைக்காலத்தில் கசிந்துபோன கல்லுப்பில் மங்கலாக எரிந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அந்த ஈரம் போதும். சுண்ணாம்புக்கல் பொடி தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லலாம், அதனால் எரியாது. வகுப்பறைச் சாக்பீஸ் பெரும்பாலும் ஜிப்சம், அது கொஞ்சம் கரையும், கொஞ்சம் எரியும். வெற்றிலைச் சுண்ணாம்பின் தெளிந்த நீர் நன்றாகவே எரியும்.

அறிகுறி 8: டி.டி.எஸ். மீட்டர் வினோதமாகக் காட்டுகிறது

டிஸ்டில்டு வாட்டரில் நிறையச் சர்க்கரை போட்டும் பூஜ்யத்தை ஒட்டியே காட்டினால் மீட்டர் கெட்டுப்போகவில்லை. பெயரில் ‘கரைந்த மொத்தத் திடப்பொருள்’ என்று இருந்தாலும் அது அளப்பது கடத்துதிறனை மட்டும்தான். அதை ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. சர்க்கரை, பூச்சிமருந்து, கிருமி எதுவும் அதன் கண்ணில் படாது.

காலையில் ஒன்று, மதியம் ஒன்று காட்டினால் தண்ணீரின் சூட்டைப் பாருங்கள். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம் கடத்துதிறன் கூடும். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து உச்சிவெயிலில் வரும் தண்ணீரை ஆறவைத்து அளக்க வேண்டும். விலை குறைந்த மீட்டர்கள் இதைச் சரியாக ஈடுகட்டுவதில்லை.

எண்ணே சந்தேகமாக இருந்தால் முதலில் முனைகளை டிஸ்டில்டு வாட்டரில் அலசி, பட்டன் செல்களை மாற்றுங்கள். அப்புறம் 10 கிராம் உப்பை ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, அதில் 100 மில்லியை எடுத்து மறுபடி ஒரு லிட்டராக்குங்கள். ஏறக்குறைய 1000 காட்ட வேண்டும். 1400-ஐ ஒட்டிக் காட்டினால் அது 0.7 என்ற பெருக்கெண் போட்ட மீட்டர், பழுது இல்லை. இரண்டுமில்லாமல் எங்கோ நின்றால் அளவுத்திருத்தக் கரைசல் வாங்குங்கள். 1413 மைக்ரோசீமன்ஸ் என்று போட்டிருக்கும். அதிலும் ஒத்துவரவில்லை என்றால் புது மீட்டர்தான். பள்ளி ஆய்வகத்தின் பெரிய கண்டக்டிவிட்டி மீட்டர் இப்படி ஆனால் கழற்ற வேண்டாம். அதன் மின்முனையில் இருக்கும் பிளாட்டினப் பூச்சைத் துணியால் துடைத்தாலே கெட்டுவிடும். சர்வீஸ் ஆளுக்கு விடுங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

230 வோல்ட்டில் ஒரு பல்பைத் தொடரில் வைத்து, இரண்டு கம்பியைக் கரைசலில் விடும் பழைய மாடல் இன்னும் சில பள்ளி அலமாரிகளில் இருக்கிறது. அதைச் சரிசெய்யவே வேண்டாம், கழற்றிப் போடுங்கள். ஒரு கை ஒரு கம்பியிலும் மறு கை இன்னொன்றிலும் பட்டால், மின்சாரம் உடல் வழியாக ஒரு கம்பியிலிருந்து மற்றொன்றுக்குப் போய்விடும். தரைக்குக் கசிவு இல்லாததால், கசிவைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் விழாது. அடாப்டர், போன் சார்ஜர் போட்ட மாடலையும் பேட்டரிக்கு மாற்றிவிடுங்கள். பிளக்கில் செருகிய எதிலாவது சுரீர் என்று பட்டால் மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

வீட்டு போர் தண்ணீரில் டி.டி.எஸ். 500-ஐத் தாண்டினால், குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தின் ஏற்புடைய அளவைத் தாண்டிவிட்டது என்று பொருள். வேறு தண்ணீரே இல்லாதபோது 2000 வரை அந்தத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. எந்த உப்பு கூடியிருக்கிறது என்று மீட்டர் சொல்லாது. அதற்குக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் மாதிரியான ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். கிருமிப் பரிசோதனையும் வேண்டுமென்றால் வீட்டுப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகாமல், கிருமிநீக்கம் செய்த பாட்டிலை அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.